செவ்வாய்க்குப் போட்ட பூஜ்யம்

"பேரை எடுத்துடும்மா" என்றார் அந்த அம்மாள்.

மழை விட்டுக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. மேற்குத் தாம்பரத்தில், ரயில்வே கேட்டைத் தாண்டி மார்க்கெட் பக்கம் திரும்பினால் ஒரு மெடிக்கல் ஷாப் வரும். அதன் மாடியில் எங்கள் கம்ப்யூட்டர் ஜாதக சென்டர். படியேறி வந்த மூச்சிரைப்போடு அவர் குடையை மடக்கிச் சுவரில் சாய்த்தார். அதிலிருந்து வழிந்த தண்ணீர், வாசலில் நான் கழற்றி வைத்திருந்த செருப்பை நனைத்தது. கம்ப்யூட்டர் ரூமுக்குள் செருப்போடு போகக் கூடாது என்பது அந்தக் காலத்துச் சட்டம். கோயிலுக்கு அடுத்தபடி அதற்குத்தான் அந்த மரியாதை.

அவர் பெயர் லட்சுமி அம்மாள். அனகாபுத்தூரில் தறி வைத்திருக்கும் குடும்பம். மாதத்துக்கு ஒரு தடவையாவது வந்து, மகள் கஸ்தூரிக்கு ஏதாவது வரன் பொருந்துகிறதா என்று கேட்டுவிட்டுப் போவார். கிட்டே வந்தால் சாயத்தின் வாடை லேசாக வரும்.

"யார் பேரும்மா?"

"எம் பொண்ணு பேருதான். கல்யாணம் ஆயிடுச்சு. இனிமே இன்னாத்துக்கு உங்க மிஷின்ல கெடக்கணும்?"

"சந்தோஷம்மா! மாப்பிள்ளை எந்த ஊரு?" என்று பல்லெல்லாம் தெரியக் கேட்டேன். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

"கூடுவாஞ்சேரி. ரெண்டாந்தாரம். மொத சம்சாரத்தோட புள்ளைங்க ரெண்டு கீதுங்க. பெரிசு எம் பொண்ணு தோளுக்கு வந்துடுச்சு."

குடையை எடுத்துக்கொண்டு திரும்பியவர், ஏதோ நினைத்துக்கொண்டு நின்றார்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனச்சிக்காத. எங்க ஊரு ஜோசியரு, 'இந்தப் பொண்ணுக்குச் செவ்வாய் சொந்த வூட்டுல கீது, தோசமே கெடையாது'ன்னு தலையால அடிச்சிகினாரு. உங்க மிஷினு மட்டும் தோசம் கீது, தோசம் கீதுன்னே எழுதிக் குடுத்துச்சு. அந்தக் காயிதத்தைப் பாத்துட்டுதான் வந்தவன் பூரா எழுந்து போனான். சண்டைக்கு வரலம்மா. தெரிஞ்சிக்கலாம்னுதான் கேக்கறேன். மிஷினு கரீட்டா, ஜோசியரு கரீட்டா?"

"மிஷின் தப்பு பண்ணாதும்மா" என்றேன். அப்போது எல்லோரும் அப்படித்தான் சொல்வோம். சொன்ன பிறகு எனக்கே ஒரு மாதிரி இருந்தது. "எதுக்கும் பாத்துச் சொல்றேன்" என்று சேர்த்துக்கொண்டேன்.

ஆசீர்வாதம் சார் கடை

இந்தத் தொடரில் போன வாரம் எழுதியதைப் படித்துவிட்டு குரோம்பேட்டையிலிருந்து ஒரு வாசகி கார்டு போட்டிருக்கிறார். "கம்ப்யூட்டர் கதை எழுதுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. எங்களுக்கும் புரிகிற மாதிரி எழுதுங்கள்" என்று கட்டளை. அம்மா, இந்த வாரம் உங்களுக்குப் புரியாமல் போகாது. பயப்படாதீர்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் தாம்பரம் வட்டாரத்தில் கம்ப்யூட்டர் ஜாதகம் என்றால் அப்படி ஒரு மவுசு. பஞ்சாங்கத்தைப் பார்த்துக் கையால் கணித்தால் அது ஜோசியர் சொன்னது. அதையே மிஷின் அடித்துக் கொடுத்தால் வேத வாக்கு. பல்லாவரம் முதல் மறைமலை நகர் வரை மாப்பிள்ளை வீட்டார், "கம்ப்யூட்டர்ல பாத்துட்டீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் உட்காரவே செய்வார்கள்.

எங்கள் முதலாளி ஆசீர்வாதம் சார். ஞாயிற்றுக்கிழமை காலையில் சர்ச்சுக்குப் போய்விட்டு, நேராக வந்து ஜாதகக் கடையைத் திறப்பார். "சார், நீங்க இதையெல்லாம் நம்பறீங்களா?" என்று ஒரு தடவை கேட்டேன். "நான் எதுக்கும்மா நம்பணும்? வர்றவங்க நம்பறாங்க, போதாதா?" என்றார். விதிகளை எல்லாம் திருநீர்மலையிலிருந்து ஒரு ஜோசியரை வரவழைத்து, பக்கத்தில் உட்கார வைத்து வாங்கிக்கொண்டதாகச் சொல்வார். அவர் ஒரு முறை சொல்லிக் கொடுத்ததோடு சரி. அப்புறம் எல்லாம் மிஷின்தான்.

லட்சுமி அம்மாள் கேட்ட கேள்வி எனக்கு வெளியாள் கேள்வி இல்லை. எங்கள் வீட்டிலேயே ஒரு செவ்வாய் இருந்தது.

எங்கள் வீட்டுச் செவ்வாய்

என் அக்கா விஜயா. என்னைவிட ஏழு வயது பெரியவள். கிண்டியில் ஒரு கம்பெனியில் கணக்கு பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பது தாண்டிவிட்டது. பார்க்க நன்றாக இருப்பாள், சம்பாதிக்கிறாள், வாயும் அதிகம் பேச மாட்டாள். அந்த வாயெல்லாம் எனக்கு வந்துவிட்டது என்று அம்மா சொல்வாள்.

இருந்தும் ஒரு வரனும் நிற்கவில்லை. எல்லாத் தாளிலும் கடைசியில் ஒரே வரி: "செவ்வாய் தோஷம் உண்டு. பொருத்தம் இல்லை." செவ்வாய் உள்ள பெண்ணுக்குச் செவ்வாய் உள்ள பையனைத்தான் பார்க்க வேண்டும். அப்படிப்பட்டவர்கள் குறைவு. கிடைத்தாலும் நட்சத்திரம் சேர வேண்டும், படிப்பு சேர வேண்டும், வயது சேர வேண்டும்.

அந்த ஓட்டை போட்ட நீளத் தாள்களை அம்மா வீணாக்க மாட்டாள். சமையலறை அலமாரிக்கு விரித்துவிடுவாள். மிளகாய்த்தூள் டப்பாவைத் தூக்கினால் அடியில் அக்காவின் தோஷம். புளி ஜாடியைத் தூக்கினால் அங்கேயும் அதே. அக்கா ஒன்றும் சொல்லாமல் டப்பாவைத் திரும்ப அதே இடத்தில் வைப்பாள். அவளை நினைத்து நான் எத்தனையோ நாள் குமுறியிருக்கிறேன்.

கம்ப்யூட்டர் கோர்ஸ் முடித்துவிட்டு நான் வெட்டியாக இருந்தபோது, "ஆசீர்வாதம் சார்கிட்ட புரோகிராம் எழுத ஆள் வேணுமாம்" என்று சொன்னவளும் அவள்தான். அவளுக்கு எப்படித் தெரியும் என்று நான் அப்போது கேட்கவில்லை. வேலை கிடைத்தால் போதும் என்று ஓடினேன்.

ரவி சாரின் வேகம்

எனக்கு முன்னால் அங்கே இருந்தவர் ரவி சார். நான் சேர்வதற்குக் கொஞ்ச நாள் முன்பு அமெரிக்கா போய்விட்டார். ஆனால் சென்டரில் அவர் பேர் அடிபடாத நாளே கிடையாது. "ரவி இருந்தா இப்படியா?" என்று ஆசீர்வாதம் சார் பெருமூச்சு விடுவார்.

காரணம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைதான் மொத்தப் பெண் ஜாதகங்களையும் மொத்தப் பையன் ஜாதகங்களோடும் பொருத்திப் பார்க்கும் நாள். ஒவ்வொரு பெண்ணுக்கும் எல்லாப் பையன்களையும் மிஷின் ஒரு சுற்று பார்த்தாக வேண்டும். ஆரம்பத்தில் காலையில் போட்டால் சாயங்காலம் வரை இழுக்குமாம். மத்தியானம் தவறாமல் கரண்ட் போகும். பாதியில் நின்றது நின்றதுதான், மறுபடியும் முதலிலிருந்து. ஜெனரேட்டர் வாங்க வசதியில்லை. சார் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாராம்.

ஒரு நாள் ரவி சார் ஏதோ மாற்றினார். அடுத்த ஞாயிறு, கரண்ட் போவதற்கு முன்னாலேயே வேலை முடிந்து பிரின்ட்டர் ஓய்ந்துவிட்டதாம். ஆசீர்வாதம் சார் எல்லோருக்கும் பிரியாணி வாங்கிக் கொடுத்தார். அந்த பிரியாணிக் கதையை நான் பல தடவை கேட்டிருக்கிறேன்.

என்ன மாற்றினார் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. வேகம் வந்துவிட்டது, அப்புறம் என்ன கேள்வி?

குரோம்பேட்டை அம்மா, இங்கேதான் கொஞ்சம் கவனிக்க வேண்டும். அந்த புரோகிராம் பெர்ல் என்ற மொழியில் எழுதியது. இந்த மாதிரி மொழிகளை ஸ்கிரிப்ட் என்பார்கள். எழுதின உடனே ஓட்டலாம், தனியாகக் கம்பைல் செய்ய, அதாவது மிஷினுக்குப் புரிகிற வடிவத்துக்கு மாற்றி வைக்க, தேவையில்லை. அதனால் அது ஒவ்வொரு வரியாகப் படித்துப் படித்துச் செய்கிறது என்று எங்களில் பலர் நினைத்தோம். அப்படி இல்லை. ஓடுவதற்கு முன்னால் அது முழு புரோகிராமையும் ஒரு தடவை உள்ளுக்குள் கம்பைல் செய்துகொள்ளும்.

கல்யாணச் சமையல்காரர் பட்டியலை முதலில் ஒரு முறை படிப்பார் இல்லையா? மேலேயே "பாயசம் கிடையாது" என்று எழுதியிருந்தால், பாயசத்துக்கான பாத்திரத்தைக்கூட அவர் வண்டியில் ஏற்ற மாட்டார். பெர்லும் அப்படித்தான். மாறவே மாறாத ஒரு மதிப்பைப் பூஜ்யம் என்று மேலே சொல்லிவிட்டு, கீழே "அது பூஜ்யமாக இல்லாவிட்டால் இந்த இருபது வரியையும் செய்" என்று எழுதினால், இது எப்போதுமே நடக்காது என்று அதற்குத் தெரிந்துவிடும். அப்படி மாற்றித் தரும் கம்பைலர் அந்த இருபது வரியையும் தூக்கிக் கடாசிவிடும். ஓடும்போது அவை இருந்த சுவடே இருக்காது. சோதனைக்காக எழுதும் வரிகளை இப்படி அணைத்து வைத்து வேகம் வாங்குவது நல்ல பழக்கம். நானும் செய்திருக்கிறேன்.

VILAKKU

லட்சுமி அம்மாள் போன பிறகு செவ்வாய் பகுதியைத் திறந்தேன். ரவி சார் தமிழ்ப் பேர்களையே இங்கிலீஷ் எழுத்தில் வைப்பார். மேலே மாறாத மதிப்புகள் வரிசையாக இருந்தன. அதில் ஒன்று VILAKKU. மதிப்பு பூஜ்யம்.

அந்த வரியை நான் ஒன்றரை வருஷமாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஏதோ சோதனைக்கு வைத்தது என்று தாண்டிப் போயிருக்கிறேன். அன்றைக்குத்தான் அது எங்கே பயன்படுகிறது என்று கீழே தேடிப் போனேன்.

திருநீர்மலை ஜோசியர் சொன்ன தோஷ விலக்குகள் அத்தனையும் அங்கே இருந்தன. செவ்வாய் மேஷத்திலோ விருச்சிகத்திலோ சொந்த வீட்டில் இருந்தால் தோஷம் இல்லை. மகரத்தில் உச்சமாக இருந்தால் இல்லை. குரு பார்த்தால் இல்லை. ஒரு விதி விடாமல், அழகாக, தப்பில்லாமல் எழுதியிருந்தது. எல்லாமே VILAKKU பூஜ்யமாக இல்லாவிட்டால்தான் நடக்கும்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அப்படியென்றால் தோஷம் உண்டு என்று கண்டுபிடிக்கிற வரிகள் மட்டும் ஓடுகின்றன. தோஷம் இல்லை என்று விடுவிக்கிற வரிகளை மிஷின் பார்த்ததே கிடையாது. இத்தனை நாளாக!

பூஜ்யத்தை ஒன்றாக மாற்றி, கஸ்தூரியின் ஜாதகத்தை மட்டும் ஓட்டினேன். பிரின்ட்டர் கிர் கிர் என்று அடித்துக்கொண்டு வந்தது. "செவ்வாய் விருச்சிகத்தில் ஆட்சி. தோஷம் இல்லை." அதற்குக் கீழே பொருந்தும் பையன்களின் பேர்கள். வந்துகொண்டே இருந்தன. பம்மலில் ஒருவன், பல்லாவரத்தில் ஒருவன், அனகாபுத்தூரிலேயே ஒருவன். எல்லாம் முதல் கல்யாணத்துக்குக் காத்திருந்த பையன்கள்.

தாளைக் கிழிக்கக்கூடத் தோன்றாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கஸ்தூரியின் தோளுக்கு வந்துவிட்ட, மூத்த தாரத்தின் அந்தப் பெரிய பிள்ளை நினைவுக்கு வந்தது.

அப்புறம்தான் புத்தி வந்தது. அக்காவுக்குச் செவ்வாய் எங்கே? மிதுன லக்னம், எட்டாமிடம், மகரம். உச்சம்!

அவளையும் ஓட்டினேன். "தோஷம் இல்லை."

பிரியாணி வாங்கிக் கொடுத்தவர்

ஆசீர்வாதம் சார் டீ டம்ளரோடு உள்ளே வந்தார். நான் உளறிக் கொட்டினேன். முதலில் அவருக்குப் புரியவில்லை. புரிந்ததும் டம்ளரை மானிட்டர் மேலேயே வைத்துவிட்டார். அந்த ரூமுக்குள் தண்ணீர்கூடக் கொண்டுவர விடாத மனிதர் அவர்.

"எத்தனை பொண்ணுங்கம்மா?"

"தெரியலை சார். செவ்வாய் இருக்கிற எல்லாரும்."

"கர்த்தரே" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இப்ப ஒன்னு போட்டு வெச்சுடு. வெளிய மூச்சு விடாத. தெரிஞ்சா ஷட்டரைப் பேத்துடுவாங்க. அப்புறம் இன்னொண்ணு... ஒன்னு போட்டா ஸ்பீடு என்ன ஆகும்?" என்றார்.

கோபம் வந்தது எனக்கு. ஆனாலும் கேள்வி நியாயமான கேள்வி. பழையபடி சாயங்காலம் வரை இழுத்தால், பாதிப் பேருக்கு மேல் பார்க்கவே முடியாது. கரண்ட் கருணை காட்டாது. என் அக்காவைப் பார்ப்பதற்குள் மிஷின் நின்றாலும் நிற்கும்.

அன்று பூராவும் அந்த இருபது வரியைச் சுற்றிச் சுற்றி வந்தேன். கடைசியில் பார்த்தால் விஷயம் சப்பென்று இருந்தது. ஒரு பெண்ணுக்கு விலக்கு உண்டா என்பது அவள் ஜாதகத்தை மட்டும் பொறுத்தது. பையன் யாராக இருந்தாலும் பதில் மாறாது. ரவி சார் அதை உள்சுற்றில், அதாவது பையன்களை ஒவ்வொருவராகப் பார்க்கும் சுற்றில், வைத்திருந்தார். அதனால் ஒவ்வொரு பையனுக்கும் அதே கேள்வியை மறுபடி மறுபடி கேட்டுக்கொண்டிருந்தது மிஷின்.

அந்த வரிகளைத் தூக்கி வெளிச்சுற்றில் வைத்தேன். பெண்ணுக்கு ஒரே ஒரு முறை கேட்டு, பதிலை வைத்துக்கொள், பிறகு பையன்களிடம் போ. நடக்காத வரிகளைத் தூக்கிப் போடக் கம்பைலருக்குத் தெரியும். 'இதை வெளியே வைத்தால் போதுமே' என்று அதற்குத் தோன்றாது. அது எழுதுகிறவர் பார்க்க வேண்டியது.

சோதனைக்கு ஓட்டிப் பார்த்தேன். பூஜ்யம் போட்டிருந்தபோது எவ்வளவு நேரமோ அதே நேரம்தான். வித்தியாசமே தெரியவில்லை. இவ்வளவுதானா? இதற்காகவா ஒரு பெண் கூடுவாஞ்சேரிக்குப் போனாள்?

அக்கா கேட்ட கேள்வி

வீட்டுக்கு ஓடினேன் என்றுதான் சொல்ல வேண்டும். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். அக்கா அப்போதுதான் ஆபீஸிலிருந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தாள். மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன்.

"என்னடி சொல்ற? அப்ப என் குழந்தைக்குத் தோஷமே இல்லையா?" அம்மாவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அலமாரியில் இருந்த டப்பாக்களை எல்லாம் கீழே இறக்கி, விரித்திருந்த தாள்களை ஒவ்வொன்றாக உருவிக் கசக்க ஆரம்பித்தாள். மஞ்சள்பொடி கொட்டியது. அவள் கவலைப்படவில்லை.

நான் அக்காவைப் பார்த்தேன். சந்தோஷத்தில் அழுவாள், என்னைக் கட்டிக்கொள்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் துண்டைப் பிடித்தபடி அப்படியே நின்றாள்.

"கஸ்தூரின்னு யாரோ சொன்னியே. அவளுக்கும் இதனாலதானா?"

"ஆமாம்."

"என்னுது மட்டும் இல்லையா?" என்றாள். "எல்லாப் பொண்ணுங்களுக்குமா சுமதி?"

அந்தக் கேள்வி எனக்கு விளங்கவில்லை. அவள் மாடிக்குப் போனாள். பின்னாலேயே போனேன். கொடியில் துணிகள் ஈரமாகத் தொங்கின. தூரத்தில் எலெக்ட்ரிக் டிரெயின் ஸ்டேஷனுக்குள் நுழைகிற சத்தம் கேட்டது.

"ரவியைத் தெரியும் எனக்கு" என்றாள் அக்கா. "நாலு வருஷமா. சார்கிட்ட சேர்றதுக்கு முன்னாடி அவருக்கும் கிண்டியிலதான் வேலை, ஒரே டிரெயின்ல போவோம். அவங்க வேற ஜாதி. அமெரிக்கா போய் ஒரு நிலைக்கு வந்துட்டா, தைரியமா வந்து கேக்கறேன்னார். அதுக்குள்ள ஆதம்பாக்கத்துலேர்ந்து ஒரு வரன் வந்தது, ஞாபகம் இருக்கா? கிட்டத்தட்ட முடியற மாதிரி. கம்ப்யூட்டர்ல ஒரு தடவை பாத்துட்டு வாங்கன்னு மட்டும்தான் சொன்னாங்க. நான் அவர்கிட்ட போய் அழுதேன். 'உன் ஜாதகம் யாரோடயும் பொருந்தாம நான் பாத்துக்கறேன்'னார்."

டப்பாவை ஒன்றும் சொல்லாமல் திரும்ப வைப்பாளே, அந்த அக்காவா இவள்? நான் யாருக்காகக் குமுறிக்கொண்டிருந்தேன்?

"என்னுது மட்டும்னு நினைச்சேன் சுமதி. சத்தியமா என்னுது மட்டும்னுதான் நினைச்சேன்."

எஸ்.டி.டி. பூத்

மறுநாள் காலை, ஆபீஸுக்குக் கிளம்புகிற நேரத்தில், ரவிக்குப் போன் பண்ண, ஸ்டேஷன் பக்கத்து பூத்துக்கு அக்கா என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். அமெரிக்காவில் அப்போது முந்தின நாள் சாயங்காலமாம். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றேன். ஜி.எஸ்.டி. ரோடு பஸ்களின் இரைச்சலில் உள்ளே பேசுவது எதுவும் கேட்கவில்லை. அக்காவின் வாய் அசைவது மட்டும் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் அதுவும் நின்றுபோய், கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தாள். ரிசீவரை வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

"ஏன் எல்லாருக்கும் பண்ணீங்கன்னு கேட்டேன்."

"என்ன சொன்னார்?"

"'உனக்கு மட்டும்னு எழுதினா, ஒவ்வொரு பையனுக்கும் இந்தப் பொண்ணு நீயான்னு மிஷின் கேட்டுக்கிட்டே இருக்கணும் விஜி. ஸ்லோவாயிடும். பூஜ்யம் போட்டா கம்பைலரே மொத்தத்தையும் தூக்கிடும், ஓசியில ஸ்பீடு. சாருக்கும் சந்தேகம் வராது'ன்னார்." பாடம் ஒப்பிப்பது போலச் சொன்னாள். "பிரியாணி வாங்கிக் குடுத்தாராமே, அதையும் சொல்லிச் சிரிச்சார்."

ரோட்டோரத்திலேயே நின்றுவிட்டேன். ஆத்திரம்கூட உடனே வரவில்லை. இப்படியும் ஒருவன் யோசிப்பானா என்கிற திகைப்புதான் இருந்தது.

"நீயும் அதே மொழியிலதானே எழுதற. அவர் சொன்னது நிஜமா? ஸ்லோவாயிடுமா?"

பொய் சொல்லியிருக்கலாம். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு முடியவில்லை.

"உள்சுற்றுல வெச்சா ஆகும் அக்கா. வெளியில, பொண்ணுக்கு ஒரு தடவை கேட்டாப் போதும்."

"அப்ப எவ்வளவு நேரம் கூட ஆயிருக்கும்?"

"ஒண்ணும் ஆயிருக்காது. யாருக்கும் தெரிஞ்சே இருக்காது."

அக்கா தலையை மட்டும் ஆட்டினாள். அன்றைக்கு அவள் கிண்டிக்குப் போகவில்லை. அதற்கப்புறம் ரவிக்கு அவள் போன் பண்ணவும் இல்லை.

பேர்கள்

அக்கா நேராக சென்டருக்கு வந்து, ஆசீர்வாதம் சார் எதிரே உட்கார்ந்து, தன் பங்கையும் சேர்த்து எல்லாவற்றையும் சொன்னாள். எங்கள் ரவியா, எங்கள் ரவியா என்று சார் இரண்டு மூன்று தடவை கேட்டார். கடையை மூட வேண்டியதுதான் என்று புலம்பினார். அப்புறம் எழுந்து போய், புதுத் தாள் கட்டு ஒன்றை அவரே பிரித்து பிரின்ட்டரில் மாட்டினார். "எல்லாருக்கும் ஆள் அனுப்பிச் சொல்லிடுவோம்மா. அடிச்சா அடிக்கட்டும்" என்றார். அந்த ஒரு சொல்லுக்காக அவரை நான் இன்றும் மறக்கவில்லை.

"அக்கா, உன் பேரை எடுத்துடவா?" என்று கேட்டேன்.

"வேண்டாம். எல்லாரோடவும் வரட்டும்."

மொத்த ஜாதகங்களையும் மறுபடி ஓட்டினேன், கரண்ட் போவதற்கு முன்னாலேயே முடிந்தது. தாள் மடிந்து மடிந்து தரையில் குவிந்தது. அக்கா ஒவ்வொரு பேராகப் படித்துக்கொண்டே வந்தாள். கஸ்தூரியின் பேரில் விரல் நின்றது. லட்சுமி அம்மாள் எடுக்கச் சொன்ன பேர். நான்தான் இன்னும் எடுக்கவில்லை.

"இவங்க வீடு எங்க இருக்கு?"

பஸ் பிடித்து அனகாபுத்தூர் போனோம். சந்து முழுக்க மழைத் தண்ணீர். புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தோம். எல்லா வீட்டுக்குள்ளிருந்தும் தறிச் சத்தம் வந்தது. லட்சுமி அம்மாள் எங்களை உள்ளே கூப்பிட்டுப் பாய் போட்டார். நான் வந்தது பேர் எடுத்த விஷயம் சொல்ல என்று நினைத்திருப்பார்.

"உங்க ஜோசியர் சொன்னதுதாம்மா சரி. மிஷின்தான் தப்பு" என்றேன்.

"இவ மேல தப்பில்லைம்மா, மிஷின் மேலயும் இல்லை" என்றாள் அக்கா. "என்னாலதான்." என்னால் என்று சொன்ன பிறகு அவளால் நிறுத்த முடியவில்லை. டிரெயின், ஆதம்பாக்கம், பூஜ்யம் எல்லாவற்றையும் சொன்னாள். அந்த அம்மாளுக்கு அதில் எவ்வளவு புரிந்ததோ தெரியாது. புரிய வேண்டியது புரிந்துவிட்டது என்பது முகத்தில் தெரிந்தது. உள்ளே யாரையோ தறியை நிறுத்தச் சொன்னார். சத்தம் நின்றது.

அடிப்பார் என்று நினைத்தேன். சாபம் விடுவார் என்று நினைத்தேன். அக்கா அதற்குத் தயாராகத்தான் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அவர் எழுந்து போய்த் தெருக் கதவைச் சாத்திவிட்டு வந்தார். அக்காவுக்கு எதிரே, முட்டி இடிக்கிற மாதிரி கிட்டே உட்கார்ந்தார்.

"இத எம் பொண்ணாண்ட மட்டும் சொல்லிடாதீங்கம்மா" என்றார். "நம்ம தலைல எழுதினது இதான்னு நெனச்சிகினு அங்க வாழ்ந்துகினு கீறா. அது இல்லன்னு தெரிஞ்சா தாங்க மாட்டா."

பஸ்ஸில் திரும்பி வந்து, நான் தாம்பரத்தில் இறங்கி, மாடியேறி, கம்ப்யூட்டரைப் போட்டு, கஸ்தூரியின் பேரை எடுத்தேன்.